பெயருக்கு முன்னால் ஒரு சொல்

லண்டன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரிக்கு மோர்மிளகாய் என்றால் என்னவென்று தெரியவில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், தும்மினார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்து, அவரும் தும்மினார். "இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். எண்ணெயில் பொரித்துத் தயிர்ச்சோற்றோடு சாப்பிடுவோம் என்றேன். "வேண்டுமென்றேயா?" என்று முதலாமவர் கேட்டுவிட்டு, பெட்டியை மூடிப் போகச் சொன்னார். அடியில் மடித்து வைத்திருந்த கூறைச்சேலையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மதராசிலிருந்து அதை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கொண்டுவந்தவள் நான், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அக்கா மகள் மதுராவுக்குத் தை மாதத்தில் கல்யாணம். நான் பிறந்தது யாழ்ப்பாணம், பிழைப்பது மதராசில், ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக. சேலை கொண்டுபோவது ஒரு வேலை. அழைப்பிதழைத் தமிழில் பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குள் ஒரு முள் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவர், என் அத்தான் தியாகராசா, ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் நடுவில் ஒரு காலை சைக்கிளில் வேலைக்குப் போனவரை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்து லொறியில் ஏற்றினார்கள். சைக்கிளை யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் வரவில்லை. எந்த முகாமிலும் அந்தப் பெயரில் ஆள் இல்லை என்றே பதில் வந்தது. அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு அகதியாக லண்டன் வந்து சேர்ந்து இத்தனை வருடமாகியும் அவள் நெற்றியில் குங்குமம் இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது.

இப்போது அழைப்பிதழில் பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? 'திரு' என்று போட்டால் ஆள் எங்கே என்று சபை கேட்கும். 'காலஞ்சென்ற' என்று போட்டால் அந்தியேட்டி என்கிற ஈமக்கிரியை செய்தாக வேண்டும், அக்கா பொட்டை அழித்தாக வேண்டும். தமிழில் மூன்றாவதாக ஒரு சொல் கிடையாது. கனடாவில் இருக்கும் அண்ணன் என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: "நீ நேரை போய்ச் சொன்னாத்தான் அவள் கேப்பாள். எப்பிடியாவது அந்தச் சொல்லைப் போடப் பண்ணு." நானும் அதுதான் சரி என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.

வால்தம்ஸ்டோவில் அக்கா இருக்கும் தெருவில் எல்லா வீடும் ஒன்றுபோல. அதே செங்கல், அதே கதவு, முன்னால் அதே கையகலத் தோட்டம். ஒரே பக்கத்தை நூறு படி அடித்து வரிசையாக நிறுத்தியதுபோல இருந்தது எனக்கு. வந்த மறுநாள் மூலைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சாவியைப் போட்டால் கதவு திறக்கவில்லை. உலுக்கினேன், தோளால் தள்ளினேன், குளிரில் மூக்கு ஒழுக ஒழுக அந்தக் கதவோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் உள்ளேயிருந்து ஒருவர் திறந்தார். வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய குள்ளமான வெள்ளைக்காரக் கிழவி. கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா தொங்கியது.

"உன் அக்கா வீடு அடுத்தது," என்றார். "வந்த புதிதில் அவளும் இப்படித்தான் என் கதவை உடைக்கப் பார்த்தாள். ஒன்றில் உள்ளே வா, இல்லை வெளியே போ. வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்குப் போகிறது."

அவர்தான் ஹெலா. போலந்துக்காரர், யூதர். அக்கா சொன்னாள்: "சுவருக்கு அங்காலை அவவின்ர மெசின், இங்காலை என்ர மெசின். ஒருநாள் என்ர மெசின் சத்தம் கேக்காட்டி வந்து கதவைத் தட்டுவா, காய்ச்சலோ எண்டு." அக்கா வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குப் பிளவுஸ் தைக்கிறாள். ஹெலா கிழக்கு லண்டன் தையற்கடைகளில் வேலை செய்து ஓய்ந்தவர், கை சும்மா இராமல் இன்னும் தைக்கிறார். இரண்டு பேருடைய இங்கிலீசும் நொண்டி. ஆனால் ஒன்றின் தோளில் மற்றது கைபோட்டு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்க்க லூயிஷாம் பக்கம் கோயிலுக்குப் போனோம். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. நடுவழியில் ரயில் நின்றது. தண்டவாளத்தில் இலை விழுந்திருப்பதால் தாமதம் என்று அறிவித்தார்கள். நான் தவறாகக் கேட்டேனோ என்று அக்காவைப் பார்த்தேன். "இலையேதான்," என்றாள். எங்கள் ஊரில் தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்துப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டுவிட்டார்கள். இங்கே இலைக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். பெட்டியில் இருந்தவர்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பேப்பரைப் பிரித்து வாசித்தார்கள், நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் நல்ல மனிதர், பிரசாதத்தைத் தானே கொண்டுவந்து கையில் தந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அக்கா, நாங்கள் பிழையா ஒண்டும் கேக்கேல்லை. ஆனா கலியாணக் காட் நாலு பேரின்ர கைக்குப் போகும். வந்த சனம் உங்களைத்தான் பார்க்கும், பொட்டைத்தான் பார்க்கும். தர்ப்பையில உருவம் செய்து முறையாக் கிரியையைச் செய்துபோட்டால் அவருக்கும் ஆறுதல், உங்களுக்கும் ஒரு முடிவு. ஐயரோட நான் கதைக்கிறன்." அக்கா சுண்டல் பொட்டலத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றிரவே வாசகத்தை எழுதினேன். 'காலஞ்சென்ற தியாகராசா' என்று அழகாக எழுதி, மறுநாள் அச்சுக்காரரிடம் கொடுத்தும் விட்டேன்.

மதுராவுக்கு ஒரு மருந்துக்கடையில் ஷிப்ட் வேலை. அன்று மாலை சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னிடம் இங்கிலீசில் சொன்னாள்: "சித்தி, அம்மா எதைப் போட்டாலும் எனக்குச் சரி. ஆனால் அப்பாவைச் சாகடிக்கச் சொல்லி நான் கேட்டதாக இருக்கக் கூடாது." நான் கொடுத்துவிட்டு வந்த தாளை நினைத்தபடி தேத்தண்ணீர் போடப் போனேன்.

அடுத்து வந்தது கார்த்திகை விளக்கீடு. அக்கா வாசலில் நாலு சிட்டி விளக்கு ஏற்ற, காற்று நாலையும் அணைத்தது. ஆனால் பார்த்தால் ஹெலாவின் ஜன்னலுக்குள் ஒரு கண்ணாடிக் குவளையில் விளக்கு எரிகிறது! அட, இந்த மனுஷிக்கும் விளக்கீடு தெரிகிறதே என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் பொறுக்கவில்லை. ஒரு தட்டில் சூடாக ஆறு மோதகத்தை அடுக்கிக்கொண்டு ஓடினேன். கதவு திறந்ததும் "பண்டிகை வாழ்த்து!" என்று வாயெல்லாம் பல்லாக நீட்டினேன்.

அவர் மோதகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது என் அப்பா இறந்த நாள்," என்றார்.

நீட்டிய தட்டை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவரோ ஒரு மோதகத்தை எடுத்துக் கடித்தார். "எங்களிடமும் இப்படி மடித்து அவிப்பது உண்டு, உள்ளே இறைச்சி வைப்போம். சர்க்கரையா? அப்பாவுக்குப் பிடித்திருக்கும். பசியில்தான் போனார்." அந்த விளக்கு ஒரு முழு நாள் எரியுமாம், வருடாவருடம் தங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஏற்றுவாராம். எங்கள் திவசம்தான்! நான் கொஞ்சம் தைரியம் வந்து, அம்மாவுக்கு எந்த மாதம் ஏற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு நான் ஏற்றுவதில்லை," என்றார். பிறகு, "நாளை மறுநாள் உனக்கு வேலையா? எங்கள் ஊர்ப் படங்களை ஒரு நூலகத்தில் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். தனியே போக மனமில்லை. உன் அக்காவைக் கூட்டிப்போனால் அழுவாள். நீ பேசிக்கொண்டே இருப்பாய், அது நல்லது."

அந்த நாள் இருவருமாகக் கிளம்பினோம்.

புறப்பட்டபோதே தகராறு. ஒரு நிலையத்தில் இறங்கி மறுபக்க மேடைக்குப் போக வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே படிகள் வைத்த நடைபாலம். ஹெலா அதன் அடியில் நின்று, "நான் இதில் ஏறமாட்டேன்," என்றார். முழங்கால் நோவு என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். எங்கள் ரயில் வந்தது, கதவைத் திறந்தது, மூடிக்கொண்டு போனது. கடைசியில் நிலையத்தை விட்டு வெளியே வந்து இரண்டு பஸ் மாறிப் போனோம். ஒரு பஸ்ஸின் மேல்தட்டுக்கு மட்டும் இளம்பெண் மாதிரி விடுவிடென்று ஏறினார். முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்று அப்போது கண்டுகொண்டேன். மனதுக்குள் திட்டவும் செய்தேன்.

நூலகத்தின் மேல்மாடியில் ஒரு நீண்ட அறை. சுவரெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஊரின் பெயரை எழுதியிருந்தார்கள், நான் 'லோட்ஸ்' என்று வாசித்தேன். ஹெலா சிரித்தார். "வூச். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. எங்கள் மொழியில் படகு என்று பொருள். ஆறே இல்லாத ஊருக்குப் படகு என்று பெயர்." பஞ்சாலைகளும் நெசவாலைகளுமாக இருந்த பெரிய நகரம் அது. ஜெர்மன்காரர்கள் பிடித்ததும் ஊரின் பெயரையே மாற்றினார்கள். 1940 வசந்தத்தில், ஊரிலேயே வறிய ஒரு பகுதிக்குள் யூதர்களையெல்லாம் தள்ளி, முள்கம்பி போட்டுப் பூட்டினார்கள். அதுதான் கெட்டோ.

இந்தச் சொல்லை நான் எத்தனை தடவை பிழை திருத்தியிருக்கிறேன்! 'சேரி' என்று மொழிபெயர்த்து வரும், எழுத்துப் பிழை இல்லையென்று விட்டுவிடுவேன். சேரியில் இருப்பவர் காலையில் வெளியே போய் மாலையில் திரும்பி வரலாம். இது போக முடியாத இடம். அதற்கென்று தனிக் காசு அடித்தார்கள், கம்பிக்கு வெளியே அது வெறும் காகிதம். ஒரு ரொட்டியை ஏழு நாளுக்கு மேல் வைத்துச் சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்குத் தோலுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டுமாம். அன்று காலையில்தான் நான் அக்காவின் குசினியில் கிழங்குத் தோலைத் தடிப்பாகச் சீவி வாளியில் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.

என்னை அசைத்தது பசிப் படங்கள் மட்டும் அல்ல. எலும்பும் தோலுமான பிள்ளைகள் வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். ஒரு மேடையில் வயலின் வாசிக்கிறார்கள், கீழே கோட்டுப் போட்டுத் தலைசீவிய சனம். ஒரு கந்தல் துணியைக் கிழித்துக் கிழித்துப் பாய் பின்னுகிறார்கள், அதில் பூ வேலைப்பாடு இருக்கிறது! யார் கேட்டார்கள் பூவை? அந்தப் படங்களை எடுத்ததே உள்ளே அடைபட்டுக் கிடந்தவர்கள்தான். எடுக்கக் கூடாததை ஒளித்து எடுத்து, மண்ணில் புதைத்து வைத்து, நாளைக்கு யாராவது பார்ப்பார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். அந்த 'யாராவது' நான்தான் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிட்டேன். காவலுக்கு நின்ற இளைஞன் விநோதமாகப் பார்த்தான்.

பிறகுதான் அந்தப் படம். அகலமான ஒரு தெரு. அதற்கு மேலே மரத்தால் கட்டிய உயரமான நடைபாலம். பாலம் நிறையச் சனம் ஏறி இறங்குகிறது. கீழே தெருவில் டிராம் தண்டவாளம்.

ஹெலா மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தெரு அவர்களுக்கு வேண்டும். அதனால் தெருவை மட்டும் கெட்டோவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார்கள். நாங்கள் இருபக்கமும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இந்தப் பாலம். எங்கள் வீடு இந்தப் பக்கம், தையற் பட்டறை அந்தப் பக்கம். பட்டினியில் கால் வீங்கியிருக்கும், படி ஏற முடியாது. அம்மாவை முன்னால் விட்டு, நான் பின்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளி ஏற்றுவேன். தினமும். கீழே டிராம் போகும். உள்ளே ஒரு பெண் தொப்பி போட்டுக்கொண்டு பேப்பர் வாசிப்பாள். ஒரு தடவைகூட மேலே பார்த்ததில்லை."

ரயில் நிலையத்தில் மனதுக்குள் திட்டியதை அப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு நகரம் பேப்பர் வாசித்துக்கொண்டு வேலைக்குப் போகிறது. அதன் தலைக்கு மேலேயே இன்னொரு நகரம் படி ஏற முடியாமல் சாகிறது. இரண்டும் ஒரே படத்தில். ஹெலா முகங்களை ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு, "பசிக்கிறது, போகலாம்," என்றார்.

அக்கா புட்டு அவித்து, முருங்கைக்காய்க் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்திருந்தாள். ஹெலா சொதியைக் கோப்பையில் வாங்கிக் குடிப்பவர். குடித்து முடித்தபின், யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"1942 செப்டம்பர். ஷ்பெரே என்போம். எல்லாரும் வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும், வெளியே தலை காட்டக் கூடாது. வீடு வீடாக வருவார்கள்."

அக்கா தமிழில், "ஊரடங்கு," என்றாள்.

அது என்ன என்று ஹெலா கேட்டார். எங்களிடமும் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, ஊரே அடங்கிப்போவது என்று பொருள் என்று சொன்னேன். "நல்ல சொல்," என்றார். "அப்படித்தான் இருந்தது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கிழவர்கள், நோயாளிகள். அவர்களை எடுக்கத்தான் வந்தார்கள். அம்மாவுக்கு அவ்வளவு வயதில்லை. ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது. பீட்ரூட் துண்டால் கன்னத்தில் தேய்த்தேன். நன்றாகச் சிவந்தது. முற்றத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவன் வந்து பார்த்தான், விரலைக் காட்டினான். அவ்வளவுதான். வண்டி உயரம். அம்மாவுக்குக் கால் எட்டவில்லை. கீழே நின்றவன் கத்தினான். நான் பின்னால் போய் இரண்டு கையாலும் தூக்கி ஏற்றிவிட்டேன். பாலத்தில் ஏற்றிய பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது."

அக்காவின் தையல் மெசினில் பாதி தைத்த பிளவுஸ் ஒன்று ஊசியில் மாட்டிக் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு பட்டறைகளுக்கு மூட்டை மூட்டையாகப் பழைய உடுப்பு வந்தது. தையலைப் பிரித்துத் திருப்பித் தைக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் எங்கள் ஊர்த் தையல். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிரித்தோம். யுத்தம் முடிந்தபின்தான் சொன்னார்கள், வண்டி போன இடத்திலிருந்து ஒருவரும் திரும்பவில்லையென்று. என் தம்பி ரஷ்யாவுக்குப் போய்த் தப்பினவன், இப்போது மெல்போர்னில் இருக்கிறான். அவன் அம்மாவுக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டான், விளக்கேற்றுகிறான். மதகுரு என்னையும் ஒரு நாள் குறிக்கச் சொன்னார். கொன்றவர்கள் நாள் சொல்லவில்லை, அதை நான் குறித்துக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். தம்பியோடு வருடக்கணக்காகப் பேச்சில்லை."

அதற்குப் பின் அவருக்கு என்ன நடந்தது, எப்படிப் பிழைத்தார் என்பதை அவர் சொல்லவில்லை.

ஹெலா அக்காவின் பக்கம் திரும்பினார். அழைப்பிதழ் கதை அவருக்கு முன்பே தெரியும். "என்னைப் பார்த்து நீ நடக்காதே. நான் பிடிவாதக்காரி, இருந்த ஒரே தம்பியையும் தொலைத்தவள். அந்தச் சொல்லைப் போடு. பிள்ளைக்குக் கல்யாணம். காகிதத்தில் ஒரு சொல், அதற்காக யாரும் சாவதில்லை."

நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அக்கா தட்டுகளை ஒன்றாக அடுக்கிவிட்டு என்னிடம் சொன்னாள்: "எடி, என்ர இங்கிலீஸ் இதுக்குக் காணாது. நீ நல்ல இங்கிலீசில அவவுக்குச் சொல்லு. யுத்தம் முடிஞ்சு, வண்டில் எங்க போனதெண்டு அவவுக்கு ஆரோ வந்து சொல்லிச்சினம். அம்மா இல்லையெண்டு அவவுக்குத் தெரியும். எனக்கு ஒருத்தரும் வந்து ஒண்டும் சொல்லேல்லை. செத்துப்போனார் எண்டு நான் சொன்னால் அதை முதல் முதல்ல சொன்ன ஆள் நானாத்தான் இருப்பன். அதுக்கு என்ர வாய் வராது. இருக்கிறார் எண்டு சொல்லவும் எனக்கு வாய் வராது. இதைச் சொல்லு."

நான் அதை இங்கிலீசில் சொல்லத் தொடங்கினேன். எதைப் போடப் பண்ணு என்று அண்ணன் என்னை அனுப்பினாரோ, அதைப் போட ஏலாது என்று அக்காவுக்காக நானே ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வேண்டியிருந்தது. 'அதை முதலில் சொன்ன ஆள் நானாக இருப்பேன்' என்ற இடத்தை மறுபடி ஒருதரம் சொன்னேன். இத்தனை வருடமாக அக்காவின் பொட்டை நாங்களெல்லாம் ஒரு பிடிவாதம் என்றுதான் பேசியிருக்கிறோம்.

ஹெலா முழுவதையும் கேட்டார். கோப்பையைத் தள்ளி வைத்தார். "அவள் சொல்வதுதான் சரி," என்றார் என்னிடம். "எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் என்று சொல்லு." சொல்லத் தேவை இருக்கவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது. எழுந்து போய் அவருக்கு இன்னொரு கோப்பை சொதி ஊற்றினாள்.

மறுநாள் அச்சுக்காரர் சரி பார்க்க வரச் சொன்னார். பலசரக்குக் கடை ஒன்றின் பின்னறையில் அவருடைய கம்ப்யூட்டரும் அச்சு மெசினும். வாசலில் வாழைக்காய்ப் பெட்டியும் அரிசி மூட்டையும் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் அக்கா சொன்னாள், காலையிலேயே மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் போன் எடுத்து, கிரியை செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"அவர் என்ன சொன்னவர்?"

"அதுக்காகக் கலியாணம் நிக்காது, ஆனா காட்டில என்ன போடப் போறீங்கள் எண்டு கேட்டார். பாப்பம் எண்டன்."

"என்ன போடப் போறாய்?"

"குளிருது, கெதியா நட," என்றாள்.

அச்சுக்காரர் இளைஞர், கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வரவழைத்ததில் அவருக்குப் பெருமை. கொம்பும் சுழியும் எவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது என்று எனக்குக் காட்டினார். உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. மேலே பிள்ளையார், கீழே நான் எழுதிக் கொடுத்த வாசகம், மணமகள் பக்கத்தில் 'காலஞ்சென்ற தியாகராசா'. தாளை அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். என்னிடம் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். 'காலஞ்சென்ற' என்பதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டினாள். அந்த இடத்தில் 'திரு' என்று எழுதுவாள் என்று நான் காத்திருந்தேன். எழுதவில்லை. பேனாவை மூடி என்னிடம் தந்துவிட்டாள்.

அச்சுக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா, மற்ற எல்லாப் பேருக்கும் முன்னால ஒரு சொல் நிக்குது. இந்தப் பேருக்கு முன்னால மட்டும் ஒண்டையும் காணேல்லை."

"ஓம் தம்பி," என்றாள் அக்கா. "காணேல்லைதான். எனக்குத் தெரிஞ்சது அது மட்டுந்தான். அப்பிடியே அடியுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் தாளை வாங்கி, ஓரத்தில் 'பிழையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.